தேனிக்கு கேமராவோட கிளம்புறீங்களா? போலரைசர் ஃபில்டரை எங்கே மாட்டணும், எங்கே கழற்றணும்?

கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நட்டு முடித்த வயல். கணுக்கால் அளவுத் தண்ணீர். அதில் எதிர் வரப்பில் நிற்கும் தென்னையும் மேலே போகும் மேகமும் தலைகீழாகத் தெரிகின்றன. லென்ஸுக்கு முன்னால் மாட்டிய போலரைசர் ஃபில்டரை ஒரு கால் வட்டம் திருப்பினால் போதும். காலடியில் இருக்கும் தண்ணீரில் மேகம் கரைந்துபோய், நாற்றின் அடித்தண்டும் அதற்குக் கீழே இருக்கும் சேறும் தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டுமே நல்ல படம்தான். ஆனால், எது வேண்டும் என்பதை வரப்பில் நிற்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். வெளிச்சம், கலர், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து ஆப்பில் திருத்திக்கொள்ளலாம். இதை மட்டும் திருத்த முடியாது. பளபளப்புக்கு அடியில் இருந்த சேறு கேமராவுக்குள் பதிவாகவே இல்லை என்றால், எந்த ஸ்லைடரை இழுத்தாலும் அது வராது.

வார இறுதியில் மேகமலை, சுருளி, குரங்கணி என்று கிளம்புகிறவர்களின் பையில் இப்போது இந்த ஃபில்டரும் சேர்ந்துவிட்டது. வாங்கியதும் லென்ஸில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு கழற்றவே கழற்றாதவர்களும் நிறைய பேர். கூலிங் கிளாஸை ராத்திரியிலும் போட்டுக்கொண்டு திரிவது மாதிரிதான் அது. எப்போது மாட்டணும், எப்போது கழற்றணும்? தேனி மாவட்டத்தையே உதாரணமாக வைத்துப் பார்த்துவிடலாம்.

போலரைசர் என்னதான் செய்கிறது?

ஒளி ஓர் அலை. சூரியனில் இருந்து நேராக வரும் ஒளி, தான் பயணிக்கும் பாதைக்குக் குறுக்காக எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. அதே ஒளி தண்ணீர், கண்ணாடி, இலை மாதிரியான பரப்பில் சாய்வாகப் பட்டுத் தெறித்தால் கதை மாறுகிறது. தெறித்து வரும் ஒளியில் பெரும்பகுதி ஒரே திசையில்தான் அதிரும். தண்ணீர்ப் பரப்பு என்றால் கிடைமட்டமாக.

போலரைசர் ஒரு வாசல் காவலாளி. ஒரு திசையில் அதிரும் ஒளியை உள்ளே விடும், அதற்குச் செங்கோணத்தில் அதிரும் ஒளியைத் தடுத்துவிடும். ஃபில்டரின் வளையத்தைத் திருப்பும்போது எந்தத் திசையை உள்ளே விடுவது என்பதை நீங்கள் மாற்றுகிறீர்கள். பளபளப்பு வரும் திசையை அடைத்துவிட்டால், பளபளப்பு போய், அதன் கீழே இருக்கும் பொருளின் சொந்த நிறம் மட்டும் லென்ஸுக்கு வந்து சேரும்.

பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கு இப்படி ஒரு குணம் இருப்பதை 1808-ல் கவனித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த எட்டியென் லூயி மாலூ. பாரிஸில் ஓர் அரண்மனையின் ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயிலை அவர் ஒரு படிகத்தின் வழியாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் கூடிக் குறைந்தது. இன்று நாம் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பதும் அதே சோதனைதான். அப்போது இதற்கு இயற்கைப் படிகம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் எட்வின் லேண்ட் 1929-ல் மெல்லிய செயற்கைத் தகட்டுக்குக் காப்புரிமை கோரிய பிறகுதான், கூலிங் கிளாஸிலும் கேமரா ஃபில்டரிலும் வைக்கிற அளவுக்கு இது மலிவானது. 1937-ல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் போலராய்டு.

கப்பலில் சி.வி.ராமன் பார்த்த நீலம்

இந்த ஃபில்டரின் அருமையைப் புரிந்துகொள்ள தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1921-ல் இங்கிலாந்து போய்விட்டு, எஸ்.எஸ்.நார்குண்டா கப்பலில் இந்தியா திரும்பிக்கொண்டிருந்தார். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. வானத்தின் நீலம்தான் தண்ணீரில் தெரிகிறது என்பது அன்றைய பெரிய விஞ்ஞானி ராலேவின் கருத்து.

ராமனிடம் நிக்கல் பிரிசம் என்ற சின்னக் கருவி இருந்தது. நிக்கல் என்பது அதை உருவாக்கியவரின் பெயர். நம் போலரைசர் செய்யும் வேலையை அன்றைக்குச் செய்த படிகம் அது. சரியான கோணத்தில் கடலைப் பார்த்து, அந்தப் பிரிசத்தால் மேற்பரப்பின் பளபளப்பை வெட்டினார். வானத்தின் பிரதிபலிப்பு போய்விட்டது. ஆனால், நீலம் போகவில்லை. அப்படியானால் நீலம் தண்ணீருக்குள் இருந்தும் வருகிறது என்று வாதிட்டு, 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார். ஒளி எப்படிச் சிதறுகிறது என்று அவர் தொடர்ந்து துரத்தியதன் விளைவுதான் 1928-ல் 'ராமன் விளைவு', 1930-ல் நோபல் பரிசு.

ராமன் அந்தப் பிரிசத்தை வைத்துக் கேட்ட கேள்வியைத்தான் ஒவ்வொரு போட்டோகிராஃபரும் ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் கேட்கணும்: கண்ணுக்குத் தெரிவதில் எது மேற்பரப்பின் வெளிச்சம், எது பொருளின் சொந்த நிறம்? இதில் எது என் படத்துக்கு வேணும்?

வயலும் வாய்க்காலும்: 2 மீட்டர் கணக்கு

1895-ல் முல்லைப்பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பிய தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் உயிர். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இதை நம்பி இருக்கிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். நடவு முடிந்து நாற்று வளர்ந்து தண்ணீரை மூடும்வரை, சில வாரங்களுக்கு வயல் முழுக்கக் கண்ணாடிதான். இன்ஸ்டாவில் வரும் கம்பம் படங்களில் அழகானவை பல இந்த நாட்களில் எடுக்கப்பட்டவை.

கண்ணாடி மாதிரியான அந்தப் பிரதிபலிப்புதான் படம் என்றால் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே ஆகணும் என்றால், பிரதிபலிப்பு பளிச்சென்று வரும்வரை வளையத்தைத் திருப்புங்கள். வாய்க்காலின் அடியில் கிடக்கும் கூழாங்கல், ஆற்று மீன், நாற்றின் வேர்ப்பகுதி இவைதான் படம் என்றால் மாட்டுங்கள், முழுசாகத் திருப்புங்கள்.

இதில் பலருக்கும் குழப்பம் வரும் ஒரு விஷயம் உண்டு. முன்னால் இருக்கும் தண்ணீரில் பளபளப்பு சுத்தமாகப் போய்விடுகிறது. தூரத்தில் இருக்கும் மலையின் பிம்பம் மட்டும் லேசாக மங்குகிறதே தவிர, போகவே மாட்டேன் என்கிறது. ஃபில்டர் டூப்ளிகேட்டோ என்று சந்தேகம் வரும். டூப்ளிகேட் இல்லை, கோணம்தான் காரணம்.

தண்ணீரில் படும் ஒளி செங்குத்தில் இருந்து சுமார் 53 டிகிரி சாய்ந்து வந்தால்தான், தெறிக்கும் ஒளி முழுக்க ஒரே திசையில் அதிரும். டேவிட் புரூஸ்டர் 1815-ல் கணக்கிட்டுச் சொன்ன கோணம் இது. இதை நம் பாஷையில் சொன்னால், கேமரா தரையில் இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும்போது சுமார் 2 மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீரில்தான் முழுப் பலன். நேர் கீழே குனிந்து பார்த்தால் பலன் இல்லை. தூரத்துத் தண்ணீரைத் தட்டையாகப் பார்த்தால் பாதிப் பலன்தான். மலையின் பிம்பம் எப்போதும் அந்தத் தட்டையான தூரத்தில் விழுவதால் தப்பித்துவிடுகிறது.

இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். முன்னால் நாற்றும் சேறும் தெளிவாக, பின்னால் மலையின் பிம்பம் மெலிதாக. இரண்டும் ஒரே ஃப்ரேமில் கிடைக்கும். வளையத்தை முழுசாகத் திருப்பாமல் பாதியில் நிறுத்திப் பாருங்கள். எந்த அளவு வேண்டும் என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தேயிலை, வாழை, திராட்சை: பச்சை ஏன் வெளுக்கிறது?

மேகமலையில் தேயிலைத் தோட்டத்தை நேரில் பார்க்கும்போது பச்சைப் பசேல் என்று இருக்கிறது. படத்தில் மட்டும் ஏன் வெள்ளை பூத்த மாதிரி வருகிறது? இலையின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் உண்டு. அது வானத்தின் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கிறது. ஒவ்வோர் இலையும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஆயிரக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் சேர்ந்தால் மலைச்சரிவு முழுக்க வெளுத்துப்போய்த் தெரியும்.

போலரைசரை நம்பி மாட்ட வேண்டிய முதல் இடம் இதுதான். வளையத்தைத் திருப்பியதும் வெண்மை விலகி, இலையின் சொந்தப் பச்சை வெளியே வரும். இதற்கு வெயில் அவசியம் இல்லை. மேகமூட்டமான நாளில் போலரைசர் வேலை செய்யாது என்று சொல்வதில் பாதிதான் உண்மை. வானத்தில் மாற்றம் தெரியாது. இலையிலும் ஈரப் பாறையிலும் நன்றாகவே தெரியும். சொல்லப்போனால், மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில்தான் பளபளப்பு அதிகம், ஃபில்டருக்கு வேலையும் அதிகம்.

சின்னமனூர், கம்பம் பக்கம் வாழைத் தோட்டத்துக்கும் இதே கணக்குதான். திராட்சைக்கு மட்டும் ஒரு திருத்தம் உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் தோலில் இரண்டு விதமான வெண்மை இருக்கும். ஒன்று, வெளிச்சம் பட்டு மின்னும் புள்ளி. இன்னொன்று, பழத்தின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் சாம்பல் பூத்த மாதிரியான மெழுகுப் பொடி. மின்னும் புள்ளியை போலரைசர் குறைக்கும். பொடி ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் அதை ஒன்றும் செய்யாது. பழம் பறித்து அதிகம் கைபடாதது என்பதற்கு அடையாளமே அந்தப் பொடிதான். அது படத்தில் இருப்பதும் நல்லதுதான்.

பந்தலுக்கு அடியில் ஏற்கெனவே நிழல். போலரைசர் இன்னும் வெளிச்சத்தைக் குடிக்கும். காற்றில் குலை ஆடினால் படம் ஷேக் ஆகும். அதனால் பந்தல் ஓரத்தில் வெளிச்சம் விழும் குலைக்கு மாட்டலாம், உள்ளே போனால் கழற்றிவிடலாம். விவசாயிகளும் சின்ன வியாபாரிகளும் வாட்ஸ்அப்பில் போடும் பழப் படங்களுக்கு இன்னொரு விஷயமும் கவனிக்கணும். மினுமினுப்பை முழுக்க எடுத்துவிட்டால் பழம் உருண்டையாகத் தெரியாமல் தட்டையாகத் தெரியும். கொஞ்சம் மினுக்கல் இருந்தால்தான் 'ஃப்ரெஷ்' என்ற உணர்வு வரும்.

வானம்: கட்டைவிரல் காட்டும் திசை

வானத்தின் நீலம் என்பது காற்று மூலக்கூறுகள் சிதறடித்த சூரிய ஒளி. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானப் பகுதியில் இருந்து வரும் ஒளிதான் அதிகமாக ஒரே திசையில் அதிர்கிறது. அங்கேதான் போலரைசர் நீலத்தை ஆழமாக்கும், வெள்ளை மேகத்தை எடுத்துக் காட்டும். சூரியனை நோக்கியோ, சூரியனுக்கு நேரெதிராகவோ கேமராவைப் பிடித்தால் பலன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

இதைக் கண்டுபிடிக்க ஆப் எதுவும் வேண்டாம். கையைத் துப்பாக்கி மாதிரி பிடியுங்கள். ஆள்காட்டி விரல் சூரியனை நோக்கி இருக்கட்டும். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம், நிழலை வைத்தே திசை தெரியும். கட்டைவிரலை நிமிர்த்தி மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் இடங்களில் எல்லாம் ஃபில்டர் வேலை செய்யும்.

இதை கம்பம் பள்ளத்தாக்கில் பொருத்திப் பார்த்தால் ஒரு சுவாரஸ்யம் கிடைக்கிறது. பள்ளத்தாக்கு தென்மேற்கில் கூடலூர் தொடங்கி, கம்பம், சின்னமனூர் வழியாக வடகிழக்கில் தேனியை நோக்கி நீள்கிறது. ஒரு பக்கம் கேரள எல்லை மலைகள், மறுபக்கம் மேகமலை.

மார்கழி மாதம் சூரியன் சற்றே தென்கிழக்கில் சாய்ந்து உதிக்கும். அந்தக் காலை வேளையில் பள்ளத்தாக்கின் நீளவாக்கில், அதாவது தேனி பக்கமோ கூடலூர் பக்கமோ கேமராவைத் திருப்பினால், சூரியனுக்குக் கிட்டத்தட்ட சரியான செங்கோணம் கிடைக்கும். வானம் செம நீலமாக வரும். அதே நேரத்தில் கேரள மலையைப் பார்த்து எடுத்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மேகமலையைப் பார்த்தால் எதிரே இருக்கும். இரண்டு பக்கமும் வானத்தில் பெரிய மாற்றம் தெரியாது.

ஜூனில் இது மாலைக்கு மாறிவிடும். அப்போது சூரியன் வடமேற்கில் சாய்ந்து மறைவதால், மேகம் இல்லாத மாலையில் பள்ளத்தாக்கின் நீளவாக்கில் மறுபடியும் செங்கோணம் அமையும். சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் தேனிக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அப்போது செங்கோணம் என்பது அடிவானம் முழுக்கவும்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைக்கு மேலே இருக்கும் வானத்தில் கொஞ்சம் மாற்றம் தெரியும். ஆனால் உச்சி வெயிலில் நிழல் இல்லாத மலை தட்டையாக வரும். அதை ஃபில்டரால் சரிசெய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கை. ரொம்ப அகலமான லென்ஸில் வானத்தின் பெரிய பரப்பு விழும். அதில் செங்கோணத்தில் இருக்கும் பட்டை மட்டும் கருநீலமாகவும், இரண்டு ஓரமும் வெளிறியும் வரும். வானத்தில் யாரோ மை கொட்டிய மாதிரி இருக்கும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மிமீ-க்குக் கீழே போனால் இந்தச் சிக்கல் பளிச்சென்று தெரியும். பனோரமாவில் இன்னும் மோசம். ஒவ்வொரு ஷாட்டிலும் வானம் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும், ஒட்டும்போது கோடு கோடாகத் தெரியும்.

சுருளியில் மாட்டலாமா?

கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுருளி, பெரியகுளம் பக்கம் இருக்கும் கும்பக்கரை மாதிரியான அருவிகளில் போலரைசர் இரட்டை வேலை பார்க்கும். ஈரப் பாறையின் வெள்ளைப் பளபளப்பை எடுத்துவிட்டுப் பாறையின் சொந்த நிறத்தையும் பாசியின் பச்சையையும் காட்டும். கூடவே, வெளிச்சத்தை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை குறைக்கும். 1/60 நொடியில் எடுத்த படத்துக்கு இரண்டு ஸ்டாப் போனால் 1/15 நொடி தேவைப்படும். தண்ணீரைப் பட்டு மாதிரி மென்மையாகக் காட்ட நினைப்பவர்களுக்கு இது போனஸ். ட்ரைபாட் மட்டும் அவசியம்.

குளிக்கிறவர்களின் கொண்டாட்டத்தையும் தெறிக்கும் துளிகளையும் உறைய வைக்க நினைத்தால் இதே விஷயம் இடைஞ்சல். அங்கே ஷட்டர் வேகம்தான் முக்கியம். கழற்றிவிடுங்கள்.

அருவிச் சாரலில் வானவில் தெரிந்தால் கொஞ்சம் நிதானம் வேணும். வானவில்லின் ஒளியும் ஒரே திசையில் அதிர்கிற ஒளிதான். வளையத்தைத் தவறாகத் திருப்பினால் வானவில் பாதியோ முழுசுமோ படத்தில் இருந்து காணாமல் போகும். சரியாகத் திருப்பினால் இன்னும் தெளிவாக வரும். கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்புங்கள்.

எங்கெல்லாம் கழற்றணும்?

சூரிய உதயம். போடி பக்கம் உச்சியில் இருக்கும் கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறிப் போகிறவர்கள் பார்க்கப்போவது, மேகக் கடலுக்கு மேலே எழும் சூரியனை. கேமரா நேராகக் கிழக்கை நோக்கி இருக்கும். போலரைசருக்கு அங்கே வானத்தில் வேலை இல்லை. விடியலின் குறைந்த வெளிச்சத்தை இன்னும் குறைக்கும். லென்ஸுக்கு முன்னால் கூடுதலாக ஒரு கண்ணாடி இருப்பதால் சூரியனின் நிழல் புள்ளிகளும் வரும். உதயம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் திருகிக் கழற்றிக்கொண்டு நிற்காமல், ஜீப்பில் ஏறும் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள்.

மூடுபனி. தூரத்து மலைக்கு முன்னால் இருக்கும் மெல்லிய நீலப் புகைமூட்டத்தை, சூரியன் பக்கவாட்டில் இருந்தால் போலரைசர் ஓரளவு குறைக்கும். மேகமலையில் ஆளை மறைக்கிற அளவுக்கு இறங்கும் பனிமூட்டம் வேறு. அது பெரிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒளி அதற்குள் பல முறை மோதித் திசை குழம்பிவிடுவதால், ஃபில்டருக்குப் பிடி கிடைக்காது.

ஆட்கள். வியர்வையால் முகத்தில் வரும் எண்ணெய்ப் பளபளப்பை இது குறைக்கும். மொத்தமாக எடுத்துவிட்டால் முகம் உயிரில்லாமல் மேட் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். கல்யாண ஷூட்டில் நகைக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் இதை நம்ப வேண்டாம். உலோகத்தில் தெறிக்கும் ஒளி, தண்ணீரில் தெறிப்பது மாதிரி ஒரே திசைக்கு வருவதில்லை. பெயின்ட் அடித்த கார், ஸ்கூட்டர் மாதிரியானவற்றில் வேலை செய்யும்.

வண்டி ஜன்னல். கண்ணாடி வழியாக எடுக்கும்போது பிரதிபலிப்பு போகும் என்று மாட்டினால், சில நேரம் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகவோ கோடாகவோ டிசைன் தெரியும். பக்கக் கண்ணாடியைச் சூடாக்கி உறுதிப்படுத்தும்போது அதற்குள் உருவான அழுத்தத்தை போலரைசர் காட்டிக்கொடுக்கிறது. ஜன்னலை இறக்கிவிட்டு எடுப்பதுதான் நல்ல வழி.

இரவு, நட்சத்திரம். யோசிக்கவே வேண்டாம். கழற்றிவிடுங்கள்.

ஏ.ஐ. இருக்கும்போது இது எதுக்கு?

நியாயமான கேள்வி. வானத்தை நீலமாக்குவது, புகைமூட்டத்தைக் குறைப்பது, பச்சையைத் தூக்கிக் காட்டுவது இதெல்லாம் எடிட்டிங் ஆப்பிலேயே ஓரளவு முடியும். வானத்துக்காக மட்டும் ஃபில்டர் வாங்க நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

பிரதிபலிப்பு விஷயம் அப்படி இல்லை. தண்ணீரின் பளபளப்பு ஒரு மீனை முழுக்க மறைத்துவிட்டால், படத்தின் அந்த இடத்தில் மீனைப் பற்றிய தகவலே இல்லை. பளபளப்பை நீக்கித் தரும் ஏ.ஐ. கருவிகள், அப்படிப்பட்ட இடத்தில் என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. டெஸ்க்டாப் வால்பேப்பருக்கு அது போதும். ஆற்றுத் தண்ணீர் கலங்கி இருக்கிறதா, வாய்க்காலில் என்ன கிடக்கிறது, பயிரின் அடித்தண்டில் நோய் இருக்கிறதா என்று காட்டும் படத்துக்கு ஊகம் உதவாது. வேளாண் அலுவலருக்கு அனுப்பும் போட்டோவில் ஏ.ஐ. வரைந்த தண்டு இருந்தால், மருந்தும் தப்பாகத்தான் வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. போலரைசர் பொய்யாக எதையும் சேர்ப்பதில்லை. ஆனால், எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கிறது. ஒரே வாய்க்காலை பிரதிபலிப்போடு எடுத்தால் நீல வானம் மிதக்கும் சுத்தமான ஓடை. பிரதிபலிப்பை எடுத்துவிட்டால் அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் பை தெரியும். ஹோம்ஸ்டே விளம்பரத்துக்கு முதல் படம் போகும், செய்திக்கு இரண்டாவது படம் போகும். எதற்காக எடுக்கிறோம் என்பது தெளிவாக இருந்தால், வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் தெளிவாகிவிடும்.

போனில் முடியுமா?

முடியும். போன் கேமராவுக்கு கிளிப் மாதிரி மாட்டும் போலரைசர்கள் கடைகளில் கிடைக்கின்றன. காசு செலவழிக்கும் முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'போலரைஸ்டு' என்று போட்ட கூலிங் கிளாஸ் வீட்டில் இருந்தால், அதன் ஒரு கண்ணாடியை போன் லென்ஸுக்கு முன்னால் வைத்து, திரையைப் பார்த்தபடியே மெதுவாகத் திருப்புங்கள். தண்ணீரிலோ இலையிலோ பளபளப்பு கூடிக் குறைவது தெரியும். கண்ணாடியின் சாயம் படத்தில் கொஞ்சம் ஏறும், ஒயிட் பேலன்ஸில் சரிசெய்துகொள்ளலாம்.

போனில் இரண்டு, மூன்று லென்ஸ் இருப்பதால், ஜூம் மாறும்போது வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். நீங்கள் மூடி வைத்திருக்கும் லென்ஸில்தான் படம் எடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அல்ட்ரா வைடு வேண்டாம், மெயின் லென்ஸ் போதும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

லென்ஸின் மூடியில் வட்டக் குறியோடு போட்டிருக்கும் எண்தான் ஃபில்டர் சைஸ். 52, 58, 67, 77 மிமீ என்று இருக்கும். இரண்டு, மூன்று லென்ஸ் வைத்திருப்பவர்கள் பெரிய சைஸில் ஒன்று வாங்கி, சின்ன லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொண்டால் காசு மிச்சம்.

கேமராவுக்கு 'சிபிஎல்', அதாவது சர்குலர் போலரைசர் வாங்குவது பாதுகாப்பு. டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி அமைப்பு, சாதாரண லீனியர் போலரைசரோடு சேர்ந்தால் ஃபோகஸிலும் எக்ஸ்போஷரிலும் குழம்பலாம். சர்குலர் என்பது ஃபில்டரின் வடிவம் இல்லை. உள்ளே வரும் ஒளியைக் கேமரா குழம்பாதபடி மாற்றித் தரும் கூடுதல் படலம் அதில் உண்டு.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி: ஒரு எல்சிடி மானிட்டரில் வெள்ளைத் திரையைத் திறந்து, ஃபில்டரின் கேமராவில் மாட்டும் பக்கம் உங்கள் கண் பக்கம் இருக்கும்படி பிடித்துத் திருப்புங்கள். திரை கறுத்துக் கறுத்து வெளுத்தால் அது போலரைசர்தான். எவ்வளவு திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால், அது வெறும் சாயக் கண்ணாடி.

ஷட்டரை அழுத்தும் முன்: ஒரு நிமிட செக்லிஸ்ட்

• ஃப்ரேமில் பளபளக்கும் பரப்பு இருக்கிறதா? தண்ணீர், இலை, ஈரப் பாறை, கண்ணாடி எதுவும் இல்லை, நீல வானமும் இல்லை என்றால் ஃபில்டர் தேவையில்லை.

• அந்தப் பளபளப்பு படத்துக்கு அழகா, தடையா? அழகு என்றால் கழற்றுங்கள். தடை என்றால் மாட்டுங்கள்.

• வானம்தான் காரணம் என்றால் சூரியன் எங்கே? கட்டைவிரல் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

• இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இழக்க முடியுமா? கைநடுக்கமோ, ஓடும் ஆளோ இருந்தால் முடியாது.

• கேமராவைக் குறுக்கில் இருந்து நெடுக்காகத் திருப்பினீர்களா? ஃபில்டரையும் மறுபடி திருப்பணும். பலரும் மறப்பது இதைத்தான்.

• பழைய கிட் லென்ஸா? சிலவற்றில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலும். முதலில் ஃபோகஸ், பிறகு ஃபில்டர்.

• சந்தேகமா? ஃபில்டரை முழுசாகத் திருப்பி ஒன்று, கால் வட்டம் மாற்றித் திருப்பி இன்னொன்று என்று இரண்டாக எடுத்து வையுங்கள். நடவு வயலின் தண்ணீர் அடுத்த மாதம் நாற்றுக்குள் மறைந்துவிடும். இரண்டாவது ஷாட்டுக்கு ஆகும் செலவு பத்து விநாடிதான்.